அழுத்திப் பார்க்கிற அக்கா

முட்டை வாங்கினால் அக்கா ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். தீப்பெட்டி வாங்கினால் கடை வாசலிலேயே ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிந்துகொள்வார். ஜீப்பில் ஏறும்போது, உட்காருவதற்கு முன்பே டிரைவரிடம், "பிரேக்க ஒருக்கா மிதி, பாக்கலாம்" என்பார்.

"இன்னாக்கா, நான் இன்னிக்கிதான் வண்டி எடுக்குறனா? நேத்து கூட ஓட்டலையா?" என்று அவன் சலித்துக்கொள்வான்.

"நேத்து ஓட்டுன, சரி. பிரேக்கு இன்னிக்கி இல்ல புடிக்கணும்?"

ஜீப்பில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். டிரைவர் மிதித்துக் காட்டுவான். அதற்குப் பிறகே அக்கா ஏறி உட்காருவார். அவர் இல்லாத நாட்களில் மற்றவர்கள் அவரைப் போலவே பேசிக் காட்டி டிரைவரைக் கிண்டல் செய்வார்கள். அப்போதும் அவன் ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொள்வான், நான் கவனித்திருக்கிறேன்.

கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊருக்கு எனக்கு டீச்சர் வேலை போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் என் அத்தா செருப்புக் கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு, மலையில் தனியாகத் தங்குவது புதிது. அக்காவின் வீட்டை ஒட்டினாற்போல் ஓர் அறை இருந்தது. அதைத்தான் எனக்கு வாடகைக்கு விட்டார்கள். பையை இறக்கி வைத்ததும் அக்கா என்னை உள்ளே அனுப்பி, "தாப்பா போடு டீச்சர்" என்றார். போட்டேன். மறு நிமிஷம் கதவு அதிர்ந்தது. வெளியிலிருந்து தோளால் இடிக்கிறார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாம் முறை அவர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சேர்ந்து இடித்தார்கள். தாழ்ப்பாள் அசையவில்லை.

"ம். தூங்கலாம்" என்றார்.

அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது.

அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. ஒரே மகள், சின்னசேலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் புளியும் கடுக்காயும் எடுப்பார், கொஞ்சம் மரவள்ளி போட்டிருந்தார், ஆடு நாலைந்து இருந்தது. நான் அவரை மாமா என்பேன். அதிகம் பேசாதவர். பேசினால் அது அக்காவைப் பற்றிய கிண்டலாக இருக்கும்.

"ராத்திரி பாதித் தூக்கத்துல மூக்குகிட்ட கை வச்சிப் பாக்குறா டீச்சர். மூச்சு வருதான்னு" என்று ஒருமுறை சொன்னார்.

"வச்சா இன்னா? வந்துக்கினு இருந்துச்சி, வுட்டுட்டேன்" என்றார் அக்கா, அரிசி களைந்துகொண்டே.

ஏன் இப்படி எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள் என்று நானும் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், அதைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "பாக்காம வுட்டா மனசு அரிக்குது" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஊரில் போன் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் உச்சியில் ஏறி நின்றால் கொஞ்சம் சிக்னல் வரும். மழை பிடித்தால் அதுவும் போய்விடும். ஊருக்குக் கீழே ஓடை. அதன் குறுக்கே ஒரு தரைப்பாலம். வெள்ளம் வந்தால் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடும், ஜீப் வராது, 108 வராது, யாரும் வரமுடியாது. அதை அந்த ஊரில் யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள்.

நான் போய் இரண்டாம் வருஷம், மழை தொடங்கும் சமயத்தில், ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தாள். தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி. அக்கா வீட்டிலேயே தங்கினாள். இருட்டியதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போவாள், தவளை கத்துவதை ரெக்கார்டு செய்வாள். ஊர் அவளுக்குத் தவளைப் பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான்தான் இரண்டு பக்கமும் பேசினேன். அவள் கிளம்பும்போதெல்லாம் அக்கா நெற்றி விளக்கை அணைத்து ஏற்றிப் பார்ப்பார், பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவார். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பாள். தன் அம்மா கூட இப்படிப் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். நான் அதை அக்காவிடம் சொன்னதற்கு, "பாவம்" என்றார்.

ஊருக்குத் திரும்பும் அன்று அவள் தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பக்கவாட்டில் ஒரு பட்டையான ஆன்டெனா, அளவு டேப் மாதிரி சுருட்டி, மூடி போட்டு அடைத்திருந்தது. அவள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். காட்டிலோ கடலிலோ உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மூடியை உடைத்து, ஆன்டெனாவை விரித்து, சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுக்கு அது கேட்கும். எந்த இடம் என்பதையும் அதுவே சொல்லிவிடும். டவர் வேண்டாம், சிம் வேண்டாம். ஆள் வருவார்கள்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது வேல செய்யுதான்னு எப்படிப் பாக்குறது?"

நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சோதனைப் பொத்தான் வேறாக இருந்தது, சாம்பல் நிறத்தில். அதை அழுத்திப் பிடித்தால் முதலில் சிவப்பு மின்னும், பிறகு பச்சை. பச்சை வந்தால் எல்லாம் சரி. அதில் சேதி எங்கும் போகாது, பெட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்வதுதான். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் பேட்டரி கொஞ்சம் குறையும், அதனால் மாதம் ஒரு தடவைக்கு மேல் கூடாது. அந்த ஒரு கட்டுப்பாடு அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பெட்டி அந்தப் பெண்ணின் பெயரில், அவள் நாட்டில், அவள் போன் நம்பரோடு பதிவாகியிருந்தது. போனதும் மாற்றிவிடுகிறேன் என்றாள். எங்களில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று முதல் இங்கிலீஷ் மாசம் ஒன்றாம் தேதி காலையில் அக்காவுக்கு அதுதான் வேலை. தலைக்குக் குளித்து, ஈரத் துணியைப் பிழிந்து பெட்டியைத் துடைப்பார். மூடியின் ஓரத்தில் நகத்தை ஓட்டி இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அடியில் ஒட்டியிருந்த பேட்டரித் தேதியை என்னை வாசிக்கச் சொல்வார். போன மாதம் வாசித்ததுதானே என்றால், "இந்த மாசம் வாசி" என்பார். பிறகு களத்துக்கு எடுத்துப்போய் வானத்தைப் பார்க்க வைத்து, சாம்பல் பொத்தானை அழுத்துவார். சிவப்பு. பச்சை. பச்சை வரும்வரை மூச்சு விடமாட்டார்.

ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பெண் பெட்டிக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். அக்கா ஓடிவந்து துடைத்தார். "சாமி இல்லடி இது. கும்புட்டா கேக்காது. அழுத்துனாதான் கேக்கும்."

சோதனை முடிந்ததும் எனக்கு ஒரு வேலை. வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு இறங்கியதும், அந்தப் பெண்ணுக்கு வாட்ஸப்பில் சேதி அனுப்ப வேண்டும். "பாத்தாச்சி, பச்ச வந்துச்சின்னு போடு. இன்னா இருந்தாலும் அவ பொருளு. நாம ஒழுங்கா வச்சிருக்கறது அவளுக்குத் தெரியணும்." நான் அப்படியே அனுப்புவேன். அவளிடமிருந்து கைதட்டுகிற படமும் ஒரு தவளைப் படமும் வரும். தவளையை அக்காவிடம் காட்டுவேன். மாதம் தவறியதே இல்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு, ஜீப் டிரைவரிடம் சொல்லிவிட்டு, அவன் போனிலிருந்தாவது அனுப்பச் சொன்னார்.

மாமாவுக்கு அந்தப் பெட்டி ஒரு வேடிக்கை. "பச்ச வந்துச்சா?" என்று வாசலிலிருந்து கேட்பார். "வந்துச்சி." "அப்ப நான் மரம் ஏறலாம்."

அடுத்த வருஷ ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஓடை பாலத்தின் மேல் ஓடியது. நான் வீட்டுக்குப் போக முடியாமல் மலையிலேயே மாட்டிக்கொண்டேன். ஒருநாள் காலையில் ஆடு கத்துகிறதே என்று மாமா வீட்டுக்குப் பின்னால் போனார். மேட்டு நிலத்துக்கு அணையாகக் கல் அடுக்கியிருந்தார்கள். ஊறிப்போயிருந்த அந்தக் கட்டு, அவர் கீழே நிற்கும்போது சரிந்தது.

சத்தம் எனக்கு மழைச் சத்தத்தோடு சேர்ந்துதான் கேட்டது. அக்காதான் முதலில் ஓடினார். நாங்கள் கல்லைப் புரட்டி அவரை வெளியே எடுத்தோம். இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. வெளியே ரத்தம் அதிகமில்லை. ஆனால் தொடை வீங்கிக்கொண்டே வந்தது, முகம் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது. நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டார்.

ஊர் ஆட்கள் கட்டிலைக் கவிழ்த்து, கம்பு கட்டி, அவரை அதில் கிடத்தி ஓடைவரை தூக்கிப்போனார்கள். தண்ணீர் இடுப்பளவு, இழுப்பு வேறு. இருவர் இறங்கிப் பார்த்தார்கள். ஒருவனைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போக, கயிறு போட்டுப் பிடித்து இழுத்தார்கள். அதற்குமேல் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இன்னொருவன் பாறை மேல் ஏறி போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்தான். எதுவும் வரவில்லை. கட்டிலைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

அக்கா உள்ளே போய் மஞ்சள் பெட்டியோடு வந்தார்.

மூடியை உடைத்தார். எத்தனையோ தடவை நகத்தால் தடவிப் பார்த்த மூடி. ஆன்டெனா விசுக்கென்று நிமிர்ந்து நின்றது. சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். வெள்ளை விளக்கு மின்னத் தொடங்கியது. களத்தின் நடுவில் பெட்டியை வைத்து, சாயாமல் இருக்கச் சுற்றிலும் கல் அணைத்தார். யாரோ மழை படுகிறதே என்று குடையைப் பிடிக்க, "மறைக்காத! மறைக்காத! வானம் தெரியணும்!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். பிறகு தன் வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து களத்தில் விரித்து, மூலைகளில் கல் வைத்தார், மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று.

"எத்தினி பேரு வருவாங்க டீச்சர்?"

"தெரியலக்கா."

"பத்துப் பேரு வருவாங்களா? பசியோட வருவாங்க."

பெரிய பானையை அடுப்பில் ஏற்றினார். நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்புக்கும் களத்துக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மழை கொஞ்சம் விட்டபோது எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். மேகம்தான் இருந்தது. ஏதோ சத்தம் கேட்கிறது என்றான் ஒருவன். அது ஓடை.

"இன்னா சொல்லுது உன் டப்பா?" என்று மாமா கேட்டார். குரல் எங்கோ உள்ளேயிருந்து வந்தது.

"எரியுது. வந்துக்கினு இருக்காங்க" என்றார் அக்கா.

இன்னும் இரண்டு தடவை அவர் கேட்டார். இரண்டு தடவையும் அக்கா அதையே சொன்னார். பொய் சொல்லவில்லை. அக்கா நம்பினார், நானும் நம்பினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமாவின் மூச்சு நின்றது. அக்கா மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

களத்தில் வெள்ளை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. யாரோ அதை அணைத்துவிடலாமா என்றார்கள். எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை. மறுநாள் அதுவாகவே நின்றது. அக்கா ஆக்கி வைத்திருந்த சோற்றைத்தான் குழி வெட்டியவர்கள் சாப்பிட்டார்கள்.

மழை விட்டு ஓடை இறங்கிய பிறகு, கீழேயிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். வெளிநாட்டுக் கருவி ஒன்று இங்கே இருப்பதாகத் தகவல், விசாரிக்க வேண்டும் என்றார்கள். அவர்களில் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். செத்த வீடு என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சிக்னலு போய்க்கீதும்மா. இந்த எடம்தான்னு கரெக்டாவே காட்டிக்கீது. எங்களுக்கும் சொன்னாங்க. நாங்க ரெடி ஆவறதுக்குள்ள, தப்பா அழுத்திட்டாங்க, ஒண்ணும் இல்லன்னு திரும்பச் சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?" என்றார் அக்கா.

"பொருளு யாரு பேர்ல இருக்குதோ அவங்க. வெளிநாட்டுல அவங்களுக்குத்தான் மொதல்ல போன் போட்டுக் கேப்பாங்களாம்."

"அப்ப, அது வேல செஞ்சிச்சி."

"செஞ்சிச்சிம்மா."

இந்த மாதிரி கருவியை அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, பெட்டியை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனார்கள். அக்கா தடுக்கவில்லை. வழக்கு ஒன்றும் போடவில்லை.

அன்று மாலை அக்கா என்னைப் பாறைக்குக் கூட்டிப்போனார். "அவளுக்குப் போன் போடு" என்றார். போட்டேன், மழை விட்டிருந்ததால் வீடியோவே கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு நான் முன்பே சேதி அனுப்பியிருந்ததால் மாமா இறந்தது தெரியும். திரையில் முகம் வந்ததுமே அழத் தொடங்கினாள். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு ஏன் சொன்னான்னு கேளு."

கேட்டேன். அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். அதை அப்படியே சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

"அவங்க போன் பண்ணி, நீ எங்க இருக்க, நல்லா இருக்கியான்னு கேட்டாங்களாம். வீட்டுலதான் இருக்கேன், பெட்டி இந்தியாவுல ஒரு அக்காகிட்ட இருக்குதுன்னு சொல்லியிருக்கா. ஆபத்தா இருக்குமான்னு கேட்டாங்களாம். அந்த அக்கா மாசா மாசம் டெஸ்ட் பண்றவங்க, மூணு நாளைக்கி முன்னாடிதான் மாசம் பொறந்துச்சி, இன்னும் சேதி வரல, இப்பத்தான் பண்றாங்க போல, பட்டன மாத்தி அழுத்திட்டாங்கன்னு..."

மழையில் மாட்டிக்கொண்டதால் அந்த மாதத்துச் சேதியை நான் அனுப்பியிருக்கவில்லை. அக்கா ஒன்றாம் தேதியே பார்த்துவிட்டார், பச்சை வந்தது.

கீழே ஊரில் ஆடுகள் கத்தின. போனில் அந்தப் பெண் "அக்கா, அக்கா" என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான சொல்லிச் சொல்லி அனுப்புனேன்" என்றார் அக்கா, யாரிடமும் இல்லாமல். "அவ வேற இன்னா நெனைப்பா?"

பிறகு, "வச்சிடு" என்றார்.

அதன் பிறகு சில மாதங்கள் நான் அக்காவோடு அங்கே இருந்தேன். அவர் அழவில்லை, பேசாமலும் இல்லை. சோறாக்கினார், ஆட்டைக் கட்டினார். ஆனால் எதையும் பார்ப்பதை விட்டுவிட்டார். முட்டையை வாங்கியபடியே கூடையில் போட்டார். அழுகியது வந்தால் கொட்டிவிட்டு அடுத்ததை உடைத்தார். ஜீப்பில் ஏறி ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். டிரைவர் தானாகவே பிரேக்கை மிதித்து, "புடிக்கிதுக்கா, பாரு" என்று திரும்பிப் பார்த்தான். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த கல் கட்டும் விரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியிலேயே உட்கார்ந்து பாத்திரம் துலக்குவார். "அக்கா, இந்தப் பக்கம் வாங்களேன்" என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன். இழுத்தால் வருவார். மறுநாள் அங்கேயே இருப்பார். ராத்திரியில் கதவு திறந்தே கிடந்தது. நான்தான் போய்ச் சாத்திவிட்டு வருவேன். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் வராது.

அந்தப் பெண் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று எழுதினாள். அக்காவிடம் சொன்னேன். "வந்து?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை. அவள் வரவில்லை. வருஷம் முடிவதற்குள் மகள் வந்து அக்காவைச் சின்னசேலத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். எனக்கும் ரிஷிவந்தியம் பக்கம் மாற்றல் கிடைத்தது.

போன வருஷம் ஒரு வேலையாகச் சின்னசேலம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அக்காவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போகிறார்களாம். அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நல்லா இருக்கியா டீச்சர்?" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். தோல் காய்ந்து, எலும்பாக இருந்தது. கண் புரையா என்று கேட்டதற்கு, "அப்படித்தான் சொல்றா" என்று மகளைக் காட்டினார்.

"ஒரு வருஷமா தெரியலையாம். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. அடுப்புல கை வச்சிச் சுட்டுக்கிட்ட அப்புறம்தான் தெரியும்" என்றாள் மகள். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள்.

ஒரு பஸ் வந்து எங்கள் முன்னால் நின்றது. அக்கா எழுந்தார். எந்த ஊர் என்று என்னையும் கேட்கவில்லை, கண்டக்டரையும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து ஏறி, கூட்டத்தோடு உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, "அக்கா, இது சேலம் போற பஸ்ஸு!" என்றேன்.

"எங்க போனா இன்னா டீச்சர்" என்றார். சலிப்பாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

மகள் பாட்டிலோடு ஓடிவந்து, கண்டக்டரை நிறுத்தச் சொல்லிக் கத்தி, உள்ளே ஏறி அவர் கையைப் பிடித்து இறக்கினாள். திட்டிக்கொண்டே இறக்கினாள். அக்கா ஏறியது போலவே இறங்கினார்.